பீங்கான் குடுவையில் வரும் முதிர்ந்த டெக்கீலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் வண்ணம் தீட்டிய நீல வெள்ளைக் குடுவை, உள்ளே மரப்பீப்பாயில் ஊறிய மெக்சிகோ டெக்கீலா. விமான நிலையக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் பார்த்திருப்பீர்கள், அல்லது வெளிநாட்டு நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருப்பார். பெரும்பாலும் கிளாசே அசூல் என்ற நிறுவனத்தின் குடுவையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்பதால் அதைப் பற்றியே அதிகம் இருக்கும். மற்ற புட்டிகளும் இடையிடையே வரும். 21 வயது ஆகாதவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

டெக்கீலா என்றால் உப்பை நக்கி, ஒரே மடக்கில் இறக்கி, எலுமிச்சையைக் கடிப்பதுதானே?

மட்டமான டெக்கீலாவின் எரிச்சலை மறைக்க அந்த வழி உதவும். டெக்கீலாவில் சட்டப்படி இரண்டு ரகம். ஒன்று, முழுக்க முழுக்க நீல அகாவே என்ற செடியின் சர்க்கரையிலிருந்து வடித்தது. லேபிளில் '100% அகாவே' என்று இருக்கும். மற்றதில் அகாவே சர்க்கரை 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி கரும்புச் சர்க்கரையாகவோ வேறு சர்க்கரையாகவோ இருக்கலாம். மிக்ஸ்டோ என்பார்கள். கல்லூரி நாள் ஷாட் கதைகளில் வருவது அநேகமாக இதுதான்.

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் நல்ல டெக்கீலாவை ராவாகவே, மெதுவாகக் குடிப்பார்கள். பக்கத்தில் சங்ரீதா என்று ஒரு சின்னக் கிளாஸ் இருக்கும்: ஆரஞ்சுச் சாறு அல்லது தக்காளிச் சாறு, எலுமிச்சை, மிளகாய். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். பீப்பாயில் முதிர்ந்த டெக்கீலாவுக்கு அதுவும் தேவையில்லை.

அகாவே என்பது நம்மூர் கற்றாழையா?

மருந்துக்குப் பயன்படும் சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேலியோரம் முள் நுனியோடு ஆளுயரம் நிற்குமே ஆனைக்கற்றாழை, அதுதான் அகாவே இனம். ஆனால் டெக்கீலாவுக்கு அதில் 'நீல அகாவே' என்ற ஒரே ரகம்தான் செல்லும். அதுவும் மெக்சிகோவில் வரையறுத்த பகுதியில் விளைந்திருக்க வேண்டும்: ஹலிஸ்கோ முழுவதும், குவனஹுவாத்தோ, மிச்சோவகான், நயாரித், தமௌலிபாஸ் மாநிலங்களில் சில பகுதிகளும். 1974-ல் மெக்சிகோ அரசு இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. தக்காணத்துக் காட்டு அகாவேயில் வடித்த இந்தியச் சரக்குகள் இப்போது வருகின்றன. அவை அகாவே சாராயம் என்றுதான் விற்க முடியும், டெக்கீலா என்று போட முடியாது.

செடி முதிர 6, 7 ஆண்டுகள் ஆகும். ஹிமதோர் எனப்படும் அறுவடைக்காரர், நீளக் காம்பில் வட்டத் தகடு வைத்த 'கோவா' என்ற கருவியால் இலைகளைச் சீவித் தள்ளிவிட்டு நடுக்கிழங்கை எடுப்பார். பார்க்கப் பெரிய அன்னாசிப்பழம் மாதிரி இருக்கும். ஒரு செடிக்கு ஒரே அறுவடை, அத்தோடு அந்தச் செடி முடிந்தது. கிழங்கைச் செங்கல் சூளையிலோ நீராவிக் கலத்திலோ வேகவைத்து, நசுக்கிச் சாறெடுத்து, ஊறல் போட்டு, குறைந்தது இரண்டு முறை வடிக்கிறார்கள்.

ரெப்போசாடோ, அன்யெஹோ, எக்ஸ்ட்ரா அன்யெஹோ: என்ன வித்தியாசம்?

ஓக் மரத்தில் எவ்வளவு காலம் இருந்தது என்பதுதான். பிளாங்கோ வடித்த கையோடு, அல்லது சில வாரங்களில் புட்டிக்குப் போகும். ரெப்போசாடோ குறைந்தது 2 மாதம். அன்யெஹோ குறைந்தது 1 ஆண்டு, எக்ஸ்ட்ரா அன்யெஹோ குறைந்தது 3 ஆண்டு. இவை இரண்டுக்கும் பீப்பாய் 600 லிட்டரைத் தாண்டக் கூடாது. கடைசி வகையை விதிகளில் தனியாகச் சேர்த்தது 2006-ல்தான்.

கிளாசே அசூலின் பெயர்பெற்ற நீல வெள்ளைக் குடுவையில் இருப்பது ரெப்போசாடோ. அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் 8 மாதம் வைக்கிறார்கள். பலர் இதை 'ரொம்பப் பழைய சரக்கு' என்று நினைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். குடுவையின் கம்பீரம் அப்படி நினைக்க வைக்கிறது.

அப்படியானால் ஆண்டு கூடக் கூடச் சுவையும் கூடுமா?

கூடாது. விஸ்கிப் பழக்கத்தில் வரும் கேள்வி இது. ஸ்காட்லாந்தின் குளிரில் 18 ஆண்டு இருப்பதும் ஹலிஸ்கோவின் வெயிலில் 18 ஆண்டு இருப்பதும் ஒன்றாகாது. சூட்டில் சரக்கு மரத்துக்குள் வேகமாக ஏறி இறங்கும், ஆவியாகிப் போவதும் அதிகம். மூன்று நான்கு ஆண்டில் வெனிலா, கேரமல், இலவங்கப்பட்டை, காய்ந்த பழம் என்று எல்லாம் வந்துவிடும். அதற்கு மேல் விட்டால் மரம்தான் பேசும். சுட்ட கிழங்கு வாசனை, மிளகுக் காரம், பச்சை இலை மணம் என்று அகாவேயின் அடையாளங்கள் அடங்கிப்போகும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் ரம்மா போர்பனா என்று குழம்பும் அளவுக்கு முதிர்ந்த டெக்கீலாக்கள் உண்டு. அவை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறேழு ஆண்டு வயலில் நின்ற செடியின் வாசனை எங்கே என்று கேட்கத் தோன்றும்.

என் தேர்வு ரெப்போசாடோவும், இளைய அன்யெஹோவும்.

அந்தக் குடுவையை யார் செய்கிறார்கள்?

கிளாசே அசூலைத் தொடங்கியவர் அர்துரோ லொமேலி. 1997-ல் ஆரம்பித்தது. டெக்கீலா ஹலிஸ்கோவின் மேட்டு நிலத்தில் வடிக்கப்படுகிறது. குடுவை வருவது வேறு இடத்திலிருந்து. நாட்டுக்குள்ளேயே 'மெக்சிகோ' என்ற பெயரில் ஒரு மாநிலம் உண்டு, அதில் சாந்தா மரியா கான்செஸ்தா என்று ஒரு கிராமம். மாசாவா பழங்குடியினர் வாழும் பகுதி, மண்பாண்டத் தொழில் தெரிந்த ஊர். அங்குள்ள பட்டறையில் உள்ளூர் ஆண்களும் பெண்களும் குடுவைகளை வார்த்து, காயவைத்து, பிசிறு தேய்த்து, சுட்டு, வண்ணம் தீட்டி, மெருகு பூசி மறுபடி சுடுகிறார்கள்.

இரண்டு குடுவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழுத்திலிருந்து கீழே விரியும் நீல இதழ்கள் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே இடத்தில் இருப்பதுபோலத் தெரியும். கிட்டப் போனால்தான் தெரியும், ஒன்றில் இதழின் நுனி சற்றே வளைந்திருக்கும், மற்றதில் தூரிகை தொடங்கிய இடத்தில் நீலம் தடித்து, முடியும் இடத்தில் மெலிந்திருக்கும். விரலால் தடவினால் சில இடங்களில் கோடு மேடாகவே தட்டுப்படும். அச்சடித்த ஒட்டுப்படத்தில் இது வராது.

இதே நிறுவனத்தின் அல்ட்ரா என்ற எக்ஸ்ட்ரா அன்யெஹோ, பிளாட்டினமும் 24 கேரட் தங்கமும் சேர்ந்த அலங்காரத்தோடு வருகிறது. அமெரிக்காவிலேயே ஆயிரம் டாலரைத் தாண்டும். எனக்குப் பிடித்தது சாதாரண நீல வெள்ளைதான்.

வேறு எந்தப் புட்டிகளைச் சேகரிக்கிறார்கள்?

ஹோசே குவெர்வோவின் 'ரிசெர்வா டெ லா ஃபமிலியா' ஒரு நல்ல உதாரணம். குவெர்வோ குடும்பத்துக்கு ஸ்பெயின் மன்னரின் உரிமம் கிடைத்தது 1795-ல். அதன் 200 ஆண்டு நிறைவுக்காக 1995-ல் கொண்டுவந்த டெக்கீலா இது, இப்போதைய வகைப்படி எக்ஸ்ட்ரா அன்யெஹோ. புட்டி எளிமையான கண்ணாடி, மேலே மெழுகு முத்திரை. சேகரிப்பவர்கள் தேடுவது மரப்பெட்டியை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மெக்சிகோ ஓவியரின் படைப்பு பெட்டியின் மேல் வரும். வரிசையாக அடுக்கி வைத்தவர் வீட்டில் அது சின்ன ஓவியக்கூடம்தான்.

டோன் ஹூலியோ 1942 நெட்டையான, ஒடுங்கிய பழுப்புக் கண்ணாடியில் வரும் அன்யெஹோ. ஹூலியோ கோன்சாலஸ் டெக்கீலா வடிக்கத் தொடங்கிய ஆண்டுதான் அந்த 1942. இரவு விடுதி மேசைகளில் பந்தா காட்டுவதற்கென்றே வாங்குபவர்கள் உண்டு. ஆனால் சரக்கும் சோடை போகாது.

மண்டையோடு வடிவப் புட்டிகளும் உண்டு, மெக்சிகோவின் இறந்தோர் தினத்தை நினைவூட்டும் வண்ணப் பூச்சோடு. காஹ் என்ற டெக்கீலா அப்படித்தான் வந்தது. ஏற்கெனவே மண்டையோட்டுப் புட்டியில் வோட்கா விற்றுக்கொண்டிருந்த கிறிஸ்டல் ஹெட் நிறுவனம் வழக்குப் போட்டது. பல ஆண்டு இழுத்து, 2017-ல் அமெரிக்க ஜூரி வோட்காக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி ஒரு சண்டையும் இல்லை, புட்டிக்குத்தான் அத்தனையும்.

இத்தனை விலை எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100% அகாவே டெக்கீலா ஒரு லிட்டருக்குச் சுமாராக 7 கிலோ கிழங்கு வேண்டும். 750 மில்லிக்கு 5 கிலோவும் கொஞ்சமும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அகாவே கிலோ 30 பெசோ (மெக்சிகோ நாணயம்) வரை போனது. அந்த உச்ச விலையிலும் ஒரு புட்டிக்கான கிழங்கு 150 பெசோவைச் சற்றே தாண்டும், அதாவது பத்து டாலருக்குள். பிறகு எல்லாரும் அகாவே நட்டு, விளைச்சல் பெருகி, விலை சில பெசோவுக்கு விழுந்தது. நட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். கடை அலமாரியில் குடுவையின் விலை இறங்கியதா? இல்லை.

வடிப்பு, பீப்பாய், ஆவியாகிப் போகும் பங்கு, வரி, இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்த்தாலும் 40, 50 டாலருக்கு அருமையான ரெப்போசாடோ அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. கிளாசே அசூல் ரெப்போசாடோ 150 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. மேலே கொடுக்கும் நூறு டாலர் குடுவைக்கும், கைவேலைக்கும், பெயருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கைவேலைப் பீங்கானுக்கு விலை உண்டு. குடுவை பிடித்து வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். 'இதைவிடச் சுவையான டெக்கீலா உலகத்தில் கிடையாது, அதனால்தான் இந்த விலை' என்று மட்டும் விருந்தினரிடம் சொல்லாதீர்கள். வந்தவர்களில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கும்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டே விஷயம். முதலில் '100% அகாவே'. அப்புறம் 'நோம்' (NOM) என்ற எழுத்துகளோடு வரும் நாலு இலக்க எண். அது எந்த வடிசாலையில் வடித்தது என்று சொல்லும் எண். டோன் ஹூலியோவுக்கு 1449, குவெர்வோவுக்கு 1122, எர்ராதூராவுக்கு 1119. ஒரே எண்ணின் கீழ் பத்து இருபது பெயர்களில் டெக்கீலா வருவதும் உண்டு. நடிகர் பெயரில் வரும் ஆடம்பரப் புட்டியும் பல்பொருள் அங்காடியின் சொந்தப் புட்டியும் ஒரே வடிசாலையில் பிறந்திருக்கலாம். வடிக்கும் முறை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனாலும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. 'நோம்' எண் இல்லாத புட்டியை வாங்கவே வேண்டாம்.

இனிப்பு, வெனிலா வாசனையெல்லாம் சேர்க்கிறார்களாமே?

சேர்க்கலாம், விதி அனுமதிக்கிறது. கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நாலும் எடையில் 1 சதவீதத்துக்குள் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 1 சதவீதம் கொஞ்சம்தானே என்று தோன்றும். செறிவான வெனிலா எஸன்ஸை ஒரு சொட்டு கேக் மாவில் விட்டவர்களுக்கு அதன் பலம் தெரியும்.

வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. மூக்கை வைத்ததும் கேக் கடை வாசனை அடித்து, நாக்கில் பிசுபிசுப்பான இனிப்பு நெடுநேரம் நின்றால் சந்தேகப்படலாம். மரம் தரும் வெனிலாவுக்குப் பின்னால் லேசான துவர்ப்பு இருக்கும். அது ஓர் அடையாளம். இனிப்பு பிடித்தவர்கள் குற்றவுணர்ச்சி இல்லாமல் குடிக்கலாம். எனக்கு அது ஒத்துவரவில்லை.

எந்தக் கிளாஸில், எப்படி?

வாய் குறுகிய, வயிறு அகன்ற சின்ன வைன் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதீர்கள், சாராய நெடிதான் ஏறும். விளிம்புக்குச் சற்று மேலே, வாயைக் கொஞ்சம் திறந்தபடி முகர்ந்தால் வாசனை பிரிந்து வரும். முதல் வாய் நாக்கைப் பழக்க. சுவையைத் தீர்மானிப்பது இரண்டாவது வாய். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் வாசனையைக் கட்டிப்போடும். அறை வெப்பம் என்றால் மே மாதத்துச் சென்னை அறை இல்லை. 20 டிகிரி பக்கம் சரி. வெயில் காலத்தில் ஒரே ஒரு பெரிய ஐஸ் கட்டி போட்டால் தப்பில்லை. கோலா ஊற்றுவதாக இருந்தால் பிளாங்கோவை எடுங்கள், 8 மாதம் பீப்பாயில் இருந்ததைப் பாழாக்காதீர்கள்.

சைட் டிஷ்?

கசப்புச் சாக்லேட், உப்பு போட்டு வறுத்த பாதாம், ஆரஞ்சுச் சுளை. மிளகாய் தூக்கலாக வறுத்த எதுவும் முதிர்ந்த டெக்கீலாவை அமுக்கிவிடும். மிளகு போட்ட முந்திரி வரை போகலாம்.

நல்ல டெக்கீலா குடித்தால் மறுநாள் தலைவலி வராதாமே?

வரும். 40 சதவீதம் என்பது எந்தக் குடுவையில் இருந்தாலும் 40 சதவீதம்தான்.

உள்ளே புழு இருக்குமா?

டெக்கீலாவில் கிடையாது. சில மெஸ்கால் புட்டிகளில் போடுவார்கள், அது வேறு சரக்கு, வேறு கதை.

திறக்காமல் வைத்தால் இன்னும் முதிருமா? எப்படிப் பாதுகாப்பது?

பீப்பாயை விட்டு வெளியே வந்ததும் முதிர்வது நின்றுவிடும். பத்து ஆண்டு அலமாரியில் வைத்தாலும் ரெப்போசாடோ ரெப்போசாடோதான்.

வைனைப் போலப் படுக்கவைக்கக் கூடாது. 40 சதவீதச் சாராயம் தக்கையை அரிக்கும், நிமிர்த்தியே வையுங்கள். பீங்கானில் வெளிச்சம் புகாது என்பது ஒரு வசதி. ஆனால் எவ்வளவு மிச்சம் என்று வெளியே தெரியாது. சேகரிப்பவர்கள் இதற்கு ஒரு வேலை செய்வார்கள்: வாங்கியதும் குடுவையைச் சமையலறைத் தராசில் வைத்து, எடையை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிவிடுவார்கள். ஆண்டுக்கொரு முறை நிறுத்துப் பார்த்தால் தக்கை வழியாக ஆவியாகிறதா என்று தெரிந்துவிடும்.

திறந்த பிறகு ஓராண்டுக்குள் முடிப்பது நல்லது. பாதிக்குக் கீழே போய்விட்டால் உள்ளே காற்று அதிகம், வாசனை சீக்கிரம் மங்கும். அப்போது சின்னக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிட்டு, குடுவையை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தக்கை உடைந்து உள்ளே விழுந்தால் காப்பி வடிதாளில் வடிகட்டினால் போதும்.

முதலீடாக வாங்கலாமா?

சாதாரணக் குடுவையை வாங்கி வைத்தால் பெரிதாக ஏறாது, நிறுவனம் தொடர்ந்து செய்துகொண்டேதான் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் வரும் சிறப்புப் பதிப்புகளுக்கு, குறிப்பாக இறந்தோர் தினப் பதிப்புகளுக்கு, கைமாறும் சந்தையில் விலை ஏறுவதுண்டு. பெட்டி, சான்றட்டை, உடையாத முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தனியாள் மதுவை விற்பது சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே இருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம்.

போலி உண்டா?

உண்டு. காலிக் குடுவைகள் இணையத்தில் வெளிப்படையாகவே விற்பனைக்கு வருகின்றன, அலங்காரத்துக்கென்று. அதில் மட்டச் சரக்கை நிரப்பி மூடினால், பீங்கான் என்பதால் நிறம்கூடத் தெரியாது. முத்திரைத் தாள் கிழிந்து ஒட்டியதுபோல இருக்கிறதா, தக்கை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தவர் மூலம் பாதி விலைக்கு வருகிறது என்றால், அந்தத் தெரிந்தவரையே முதல் பெக் குடிக்கச் சொல்லுங்கள்.

காலிக் குடுவையை என்ன செய்யலாம்?

ஒற்றைப் பூ வைக்கலாம், வைர முனை போட்ட துளைப்பானால் தண்ணீர் விட்டுக்கொண்டே அடியில் ஓட்டை போட்டு மேசை விளக்காக்கலாம். எண்ணெய், வினிகர், பழச்சாறு ஊற்றி வைப்பது பற்றி ஓர் எச்சரிக்கை: மெக்சிகோவின் பாரம்பரிய மண்பாண்ட மெருகுகள் சிலவற்றில் ஈயம் உண்டு, புளிப்பு அதை வெளியே இழுக்கும். பெரிய நிறுவனங்கள் ஏற்றுமதி செய்யும் குடுவைகளுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. பழைய சாமான் சந்தையில் வாங்கியது, பிறகு யாரோ மறுவண்ணம் பூசியது என்றால் உணவுப் பொருள் எதையும் வைக்காதீர்கள்.

இந்தியாவுக்கு எடுத்து வரலாமா?

பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லிக் குடுவை என்றால் இரண்டு. அதற்கு மேல் போனால் கட்ட வேண்டிய வரியில் குடுவையின் அழகு மறந்துபோகும்.

பீங்கானைப் பெட்டியில் போடுவது தனிக் கலை. மூடியைச் சுற்றிச் சமையலறை பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றுங்கள், விமானத்தில் காற்றழுத்தம் மாறும்போது தக்கை மேலே எழும்பலாம். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று, அதன்மேல் போர்வை அல்லது ஜீன்ஸ், பெட்டியின் நட்டநடுவில். ஓரத்தில் வைத்தால் முதல் அடி அதற்குத்தான். வரியில்லாக் கடையில் வாங்கினால் முத்திரையிட்ட பையைக் கடைசி விமானம் வரை பிரிக்காதீர்கள். இடையில் விமானம் மாறும் ஊரில் மறுபடி சோதனை இருந்தால், பிரித்த பையை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.